இனி அவரவரே கிராணி: சொந்தத் தொழிலும் வருமான வரியும்

தோட்டத்தில் உழைத்த தலைமுறைக்குக் கணக்கு எழுத கிராணி இருந்தார். 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதிக்கான சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று கிராப் ஓட்டுகிறார்கள், கல்யாணப் படம் எடுக்கிறார்கள், மணப்பெண் அலங்காரம் செய்கிறார்கள், வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் இவர்கள் இல்லாமல் தீபாவளி வியாபாரமோ கல்யாண சீசனோ இல்லை. ஆனால் இவர்களுக்குக் கணக்கு எழுத யாரும் இல்லை.

கடந்த 2025 ஆகஸ்ட் 28-இல் கிக் தொழிலாளர் சட்ட மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. சொக்சோ பாதுகாப்பு போன்றவற்றுக்கு அது வழி செய்கிறது. வரிக் கணக்கை மட்டும் அது யாருக்கும் எழுதித் தராது.

மாதச் சம்பளக்காரர் 'பிஇ' பாரம் நிரப்புகிறார். சொந்தத் தொழில் செய்பவர் நிரப்ப வேண்டியது 'பி' பாரம். அதற்குக் கடைசி நாள் ஜூன் 30. இணையம்வழி அனுப்புவோருக்கு வழக்கமாக ஜூலை 15 வரை அவகாசம் தரப்படுகிறது. பாரமே அனுப்பாமல் இருப்பது குற்றம். அதற்கு 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம்.

வரி என்றதும் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயத்துக்குக் காரணமில்லை என்பது தெரியும். ஒருவருக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளி வரவு. பெட்ரோல், தொலைபேசி, உதவியாள் கூலி எனத் தொழில் செலவு 18,000 வெள்ளி என வைத்துக்கொள்வோம். மீதம் 42,000. தனிநபர் கழிவு 9,000, ஆயுள் காப்புறுதி 3,000 போக 30,000 வெள்ளிக்குத்தான் வரி. அது 450 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாததால் 400 வெள்ளி தள்ளுபடியும் உண்டு. கட்ட வேண்டியது வெறும் 50 வெள்ளி.

அதே ஆள் ரசீதுகளை வைத்திருக்கவில்லை என்றால்? செலவைக் காட்ட முடியாது. 48,000 வெள்ளிக்கு வரி 1,380 வெள்ளி, தள்ளுபடியும் கிடையாது. ரசீதைத் தூக்கி எறிந்ததற்கு விலை 1,330 வெள்ளி.

ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். வீட்டுச் செலவையும் தொழில் செலவையும் கலக்கக் கூடாது. தனி வங்கிக் கணக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. கேமரா, கணினி வாங்கிய பணத்தைச் சாதாரணச் செலவாக எழுதாமல் மூலதனக் கழிவாகக் கோர வேண்டும்.

பாரம் அனுப்பத் தொடங்கிய பிறகு வாரியத்திடமிருந்து 'சிபி500' கடிதம் வரக்கூடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாக வரியை முன்கூட்டியே கட்டச் சொல்லும் கடிதம் அது. அதைப் பிரிக்காமல் வைத்தால், தாமதமான தவணைக்கு 10 விழுக்காடு கூடுதலாகக் கட்ட நேரும். தொழில் படுத்துவிட்டால் ஜூன் 30-க்குள் 'சிபி502' பாரம் அனுப்பித் தவணையைக் குறைக்கக் கேட்கலாம்.

"ரொக்கமாக வாங்கினால் யாருக்குத் தெரியும்" என்ற காலமும் போய்க்கொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி இ-இன்வாய்ஸ் முறை கட்டங்கட்டமாக வருகிறது. சிறு தொழில் செய்பவருக்கு விலக்கு இருந்தாலும், அவருக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம் தன் செலவைப் பதிவு செய்யும்போது அவர் வருமானமும் வாரியத்தின் பார்வைக்கு வந்துவிடுகிறது.

இதில் பெரிய இழப்பு அபராதம் அல்ல. சம்பளச் சீட்டு இல்லாதவர் வீட்டுக் கடன் கேட்டுப் போனால், வங்கி முதலில் கேட்பது 'பி' பாரமும் வரி கட்டிய ரசீதும்தான். வருமானத்தை மறைத்தவர், கடன் கேட்கும் நாளில் வருமானமே இல்லாதவராக நிற்கிறார். தோட்ட வீட்டை விட்டு வந்த குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பது சின்ன விஷயமல்ல.