ஹெல்த் செக்கப் வவுச்சர் இன்பாக்ஸிலேயே கிடக்கிறதா? வேலையில் இருக்கும்போதே ஏன் பார்த்துவிட வேண்டும்?

மார்ச் நெருங்கினால் ஓ.எம்.ஆர் அலுவலகங்களில் ஒரு மெயில் தவறாமல் வந்து விழும். 'இந்த ஆண்டுக்கான இலவச ஹெல்த் செக்கப்பை நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை. 31-ம் தேதிக்குள் புக் செய்யவும்.' திறந்து பார்த்துவிட்டு, "அடுத்த சனிக்கிழமை போய்க்கலாம்" என்று மூடுபவர்கள் நிறைய. அந்தச் சனிக்கிழமை புராஜெக்ட் ரிலீஸ் இருக்கும், இல்லையென்றால் நண்பன் கல்யாணம், அதுவும் இல்லையென்றால் தூக்கம். ஏப்ரல் பிறந்ததும் வவுச்சர் காலாவதி.

சோம்பல் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கேன்டீனில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் வேறு மூன்று பதில்கள் வரும். "செக் பண்ணினா ஏதாவது வந்துடும்." "சுகர்னு ரிப்போர்ட்ல இருந்தா நாளைக்குச் சொந்தமா பாலிசி எடுக்க முடியாது." "கம்பெனிக்குத் தெரிஞ்சா அப்ரைசல்ல கை வைப்பாங்க." முதல் பயத்துக்குப் பதில் எளிது: டெஸ்ட் எடுப்பதால் நோய் வருவதில்லை, இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். மற்ற இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பாலிசி விதிகளைப் படித்தால் கணக்கு நேர்மாறாக வருகிறது. ஒரு நோயைக் கண்டுபிடிக்க இருப்பதிலேயே பாதுகாப்பான காலம், நிறுவனத்தின் குரூப் இன்சூரன்ஸ் கையில் இருக்கும் காலம்தான்.

தனியாக பாலிசி எடுப்பவருக்கு, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 'வெயிட்டிங் பீரியட்' உண்டு. 48 மாதங்கள் வரை இருந்த இந்த உச்சவரம்பை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024-ல் 36 மாதங்களாகக் குறைத்தது. அதாவது, சர்க்கரை நோயோடு பாலிசி எடுப்பவர், அதன் தொடர்பாக மருத்துவமனையில் சேர்ந்தால் மூன்று ஆண்டுகள் வரை க்ளைம் கிடைக்காமல் போகலாம். நிறுவனங்கள் ஊழியர்களுக்காக வாங்கும் குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு நீக்கப்பட்டிருக்கும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே, பழைய நோய்க்கும் சேர்த்து கவரேஜ். அதனால், பாலிசி போய்விடுமே என்று பயந்து டெஸ்ட்டைத் தள்ளிப்போடுபவர், உண்மையில் பாதுகாப்பு இருக்கும் காலத்தைத்தான் வீணடிக்கிறார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான குரூப் பாலிசிகள் மருத்துவமனையில் சேரும் செலவுக்கானவை. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் 'ஓ.பி.டி' என்ற தனிச் சலுகை இருந்தால்தான் பணம் வரும்.

தெரிந்துகொண்டால் என்ன மாறும்?

ஐ.சி.எம்.ஆர் நிதியுதவியுடன் சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. அதன் மதிப்பீட்டின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். அதற்கு முந்தைய கட்டமான 'ப்ரீ-டயாபடிஸ்' நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி பேர். செக்கப் அதிகம் உதவுவது இந்த இரண்டாவது கூட்டத்துக்கு. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி அளவு 5.7 முதல் 6.4 வரை இருந்தால் இந்த நிலை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இடைப்பட்ட காலத்தில் உடம்பு எந்த அறிகுறியும் காட்டாது.

இந்தக் கட்டத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவை 2006-ல் வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சி, சாப்பாட்டு மாற்றம் என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதம். ஜிம் மெம்பர்ஷிப்போ விலை உயர்ந்த டயட்டோ இல்லை, நடையும் சாப்பாடும்தான்.

ஆனால் ரிப்போர்ட் பி.டி.எஃப் ஆக போனுக்கு வந்து, சிவப்பில் இருக்கும் எண்களை கூகுளில் தேடுவதோடு முடிந்துவிட்டால் இது எதுவும் நடக்காது. பல பேக்கேஜ்களில் டாக்டர் ஆலோசனையும் சேர்த்தே இருக்கும். ரத்தம் கொடுத்துவிட்டு, இலவச இட்லி-காபியோடு கிளம்பிவிடாமல் அந்த அப்பாயின்ட்மென்ட்டையும் அன்றே போட்டுவிடுவது நல்லது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு, 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: இவ்வளவு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். 'ஃபுல் பாடி பிளாட்டினம்' என்று கூடுதல் பணம் கேட்கும் பட்டியலில் ட்யூமர் மார்க்கர் டெஸ்ட்கள் இருக்கும். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு அவை பெரும்பாலும் தேவையற்ற பீதியைத்தான் தரும்.

அப்ரைசல் பயத்துக்கு வருவோம். இதைத் தீர்க்க வேண்டியது ஊழியர் அல்ல, நிறுவனம். ரிப்போர்ட் யாருக்குப் போகும், ஹெச்.ஆர் கையில் தனிப்பட்ட முடிவுகள் கிடைக்குமா என்பதை அந்த நினைவூட்டல் மெயிலிலேயே ஒரு வரியில் எழுதலாம். எழுதவில்லை என்றால் ஊழியர் மெயிலில் கேட்டு பதில் வாங்கிக்கொள்ளலாம். அதோடு, வெறும் வயிற்றில் போக வேண்டிய டெஸ்ட்டுக்கு அரை நாள் விடுப்புகூடத் தராமல் வவுச்சர் மட்டும் அனுப்புவது, பேலன்ஸ் ஷீட்டுக்கு அழகே தவிர ஊழியருக்கு உதவாது.

அட்மிட் ஆகும்போது கவிழ்க்கும் ஒரு வரி

"மூணு லட்சம் கவரேஜ் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியில் தேட வேண்டிய சொல், ரூம் ரென்ட் லிமிட். கவரேஜ் 3 லட்சம், ரூம் வாடகைக்கு அதில் 1 சதவீதம் என்றால், ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் ரூமை எடுத்தால், மிச்ச 3,000-ஐக் கையிலிருந்து கொடுத்தால் போதும் என்று நினைப்போம். அப்படி இல்லை. பாலிசியில் விகிதாச்சாரக் கழிவு விதி இருந்தால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் போன்ற செலவுகளும் பாதியாக வெட்டப்படும்.

நான்கு நாள் ரூம் வாடகை 24,000, டாக்டர் மற்றும் தியேட்டர் கட்டணம் 1 லட்சம், மருந்தும் டெஸ்ட்டும் 60,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,84,000. மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் இந்தக் கழிவு பொருந்தாது, 60,000 முழுதாக வரும். ரூமுக்கு 12,000, டாக்டர் மற்றும் தியேட்டருக்கு 50,000. ஆக, இன்சூரன்ஸ் தருவது 1,22,000. ரூமில் கூடுதலானது 12,000 தான். கையிலிருந்து போனது 62,000. அட்மிஷன் கவுன்ட்டரில் நிற்கும்போது இதைப் படிக்க யாருக்கும் மனசு இருக்காது. அதனால் இ-கார்டோடு சேர்த்து இந்த எண்ணையும் போனில் சேமித்து, வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கலாம்.

இன்னொன்று, பெற்றோர் பெயர். பல நிறுவனங்களில் வேலையில் சேரும்போதோ பாலிசி புதுப்பிக்கும்போதோ சில வாரங்கள் மட்டுமே பெயர் சேர்க்கலாம். கல்யாணமும் குழந்தையும்கூட உடனே தெரிவிக்க வேண்டியவை. 'அப்புறம் சேர்த்துக்கலாம்' என்றால் அடுத்த ஆண்டுதான்.

சம்பளம் 21,000-க்குள் இருந்தால்

இந்தச் சம்பளத்துக்குள் இருப்பவர்களுக்கு, இ.எஸ்.ஐ பொருந்தும் நிறுவனம் என்றால், குரூப் பாலிசிக்குப் பதிலாக இ.எஸ்.ஐ இருக்கும். 18,000 ரூபாய் சம்பளத்தில் ஊழியர் கட்டுவது 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். நிறுவனம் கட்டுவது 3.25 சதவீதம், 585 ரூபாய். "அங்கே யார் போவா" என்று ஒதுக்குபவர்கள் தவறவிடுவது சிகிச்சையை மட்டுமல்ல. தகுதியான பங்களிப்பு நாட்கள் இருந்தால், உடல்நலமின்றி விடுப்பில் இருக்கும்போது ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். கார்ப்பரேட் பாலிசிகளில் இப்படி ஒன்றைப் பார்ப்பது அரிது. இன்க்ரிமென்ட்டில் சம்பளம் வரம்பைத் தாண்டினால், அந்தப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்-செப்டம்பர் அல்லது அக்டோபர்-மார்ச்) முடியும்வரை இ.எஸ்.ஐ தொடரும். அதற்குள் குரூப் பாலிசியில் பெயர் ஏறிவிட்டதா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுவிட வேண்டும்.

வரிச் சலுகையைப் பற்றி ஒரு வார்த்தை. '80டி' என்று பழகிப்போன பிரிவில், செக்கப் செலவுக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தாலும் செல்லும். இது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, அதுவும் சொந்தப் பணத்தில் செய்த டெஸ்ட்டுக்கு மட்டும். ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்குச் செய்யும் செக்கப் பில்லை அதனால் தூக்கிப் போட வேண்டாம்.

வேலையை விடும்போது

குரூப் பாலிசி வேலையோடு கட்டப்பட்டது. பொதுவாகக் கடைசி வேலை நாளோடு கவரேஜ் முடியும். அடுத்த வேலைக்கு நடுவில் இரண்டு மாத பிரேக், ஸ்டார்ட்-அப் முயற்சி, லே-ஆஃப் என்று எது வந்தாலும் அந்த இடைவெளியில் கையில் எதுவும் இருக்காது. ஆனால், குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள ஐ.ஆர்.டி.ஏ.ஐ விதிகள் வழி செய்கின்றன. குரூப்பில் இருந்த ஆண்டுகள் வெயிட்டிங் பீரியடில் கழிக்கப்படும். பிரீமியம், ஏற்பு முடிவு எல்லாம் காப்பீட்டு நிறுவனத்தின் கையில்தான். அந்த விண்ணப்பத்தில் செக்கப்பில் தெரிந்த நோயைச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் க்ளைம் நிராகரிக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி இல்லை என்பதால், வேலையில் இருக்கும்போதே சிறிய தொகைக்கு ஒரு பாலிசி தொடங்கி, 36 மாதக் கடிகாரத்தை ஓட விடுவது முன்பைவிட மலிவு. அது முடியாதவர்கள், ராஜினாமா மெயில் அனுப்பும் அன்றே ஹெச்.ஆரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கலாம்: குரூப் பாலிசி எண், கவரேஜில் இருந்த காலத்துக்கான சான்று, கவரேஜ் முடியும் தேதி. நோட்டீஸ் பீரியடில் செக்கப் வவுச்சர் மிச்சம் இருந்தால், அதுவும் கடைசி வேலை நாள் வரைதான் செல்லும்.