நாக்கைச் சுழற்ற ஒரு கட்டணம்

எங்கள் ஊர் பேருந்து நிலையத்தைச் சுற்றி இப்போதெல்லாம் ஜவுளிக்கடை விளம்பரத்தைவிட ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி விளம்பரம்தான் அதிகம். கோட்டு போட்ட ஒரு பையன், அவனுக்குப் பின்னால் தேம்ஸ் நதிப் பாலம், கீழே 'பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசலாம், 45 நாளில்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி மேல்தான் எனக்குக் கோபம். இதைப் படிக்கிறவர்களில் பல பேர் பேரன் பேத்திக்காக அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறவர்கள். ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் பரீட்சை என்னவென்று பார்ப்போம். பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிஷம். ஊர், வேலை, வீடு என்று முதலில் சாதாரணக் கேள்விகள். அடுத்து ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிஷம் யோசித்து, வேண்டுமானால் குறித்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் வரை பேச வேண்டும். கடைசியில் அதே விஷயத்தை ஒட்டிக் கலந்துரையாடல். மதிப்பெண் நான்கு கூறு: தட்டுத் தடுமாறாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. உச்சரிப்புக்கு உள்ள அந்தக் கால் பங்கிலும் வெள்ளைக்காரனைப் போலப் பேசு என்று எங்கும் இல்லை. கேட்கிறவனுக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் கணக்கு.

பிறகு எதற்கு இந்த நாக்குச் சுழற்றல்?

எங்கள் தெருவில் ஒரு பெண். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து நாலு வருஷம் தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி பார்த்தவள். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுத்துக்கு 6.5 போதும், பேச்சு, கேட்டல், வாசிப்பு மூன்றிலும் 7 வேண்டும். இவளுக்கு மற்றதெல்லாம் வந்துவிட்டது, பேச்சில் 6.5. அந்த அரைக்காக மறுபடி பணம் கட்டணும். ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் பதினைந்தாயிரத்துக்கு மேல். அவள் அம்மாவின் சங்கிலி ஏற்கெனவே அடகுக்கடையில் இருக்கிறது.

"என்னம்மா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஆன்சர் நோட்டு ஒண்ணு குடுத்தாங்க தாத்தா. அப்படியே மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க."

வாங்கிப் பார்த்தேன். 'நீங்கள் மறக்க முடியாத பயணம்' என்ற தலைப்புக்கு சுவிட்சர்லாந்து போய் வந்த கதை! மதுரையைத் தாண்டாத பிள்ளை அது. அந்த வகுப்பில் இருந்த முப்பது பேரும் அதே சுவிட்சர்லாந்துக்குத்தான் போய் வந்திருக்கிறார்கள். மனப்பாடப் பேச்சைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. அவர் நடுவே மடக்கி வேறு கேள்வி போட்டால் நோட்டும் போச்சு, சுழற்றிய நாக்கும் போச்சு. ஒரே ஆள் ஒரு வாக்கியத்தில் லண்டனிலும் அடுத்த வாக்கியத்தில் பாளையங்கோட்டையிலும் இருந்தால் கேட்பவர் என்ன நினைப்பார்?

நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் காதில் ஹெட்போன் மாட்டியவன். மறுமுனையில் பம்பாய்க்காரர் பேசுவார், கல்கத்தாக்காரர் பேசுவார். கல்கத்தாக்காரர் வாயில் 'வெரி குட்' 'பெரி குட்' ஆகிவிடும். எங்கள் ஆங்கிலம் அவர்களுக்கு எப்படிக் கேட்டதோ! ஆனால் ஒரு ராத்திரிக்கு நூற்றுக்கணக்கான கால் போட்டோம். மரணச் செய்திகூடப் போயிருக்கிறது. எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்வோம், ஊர்ப் பெயரை எம் ஃபார் மெட்ராஸ் என்று பிரித்துச் சொல்வோம், புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் மறுபடி கேட்போம். யாரும் யாருடைய உச்சரிப்பையும் கடன் வாங்கவில்லை.

அதற்காக நம் நாக்கில் திருத்த ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 'எக்ஸாம்' நமக்கு 'யெக்ஸாம்'. 'ஒன்லி' நமக்கு 'வொன்லி'. 'டெஸ்ட்' என்று நிறுத்தத் தெரியாது, ஒரு உகரம் சேர்த்து 'டெஸ்ட்டு'. மாத்திரைக்கும் கடைக்காரர் தரும் சீட்டுக்கும் தமிழில் எழுதினால் ஒரே 'பில்'தான். ஒரு நர்ஸ் அதைக் குழப்பினால் சிரித்துவிட்டுப் போக முடியாது. எங்கே அழுத்தம் வரும் என்பது இன்னும் பெரிய விஷயம். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவதில். 'ஹோட்டல்' என்பதற்குப் பின்பாதியில். இதையெல்லாம் பத்து நாள் உட்கார்ந்தால் சொல்லிக் கொடுக்கலாம். அந்த நிலையத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை விளம்பரப் பலகையில் எழுதினால் கூட்டம் வராதே!

இன்னொன்றும் சொல்லவில்லை. நர்ஸ், டாக்டர்களுக்கென்றே ஓ.இ.டி. என்று தனித் தேர்வு இருக்கிறது. அதில் பேச்சு என்பது நோயாளியிடம் பேசுவது மாதிரி இரண்டு நாடகம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம் யோசிக்கலாம், ஐந்து நிமிஷம் நடிக்க வேண்டும். கட்டணம் கூடுதல்தான். ஆனாலும் ஊசிக்குப் பயப்படும் கிழவரைச் சமாதானப்படுத்துவது சுவிட்சர்லாந்தைவிட இவளுக்குச் சுலபமில்லையா? அந்த நிலையத்தில் அதற்கு வகுப்பு இல்லை, ஆகவே பேச்சே எடுக்கவில்லை.

"வீட்டில் யார் சார் இங்கிலீஷ் பேசுறது? தப்பாப் பேசுறவங்களோட பேசினா தப்புதானே படியும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் முப்பது வருஷம் கருவூலத்தில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியவர். நம் தலைமுறைக்கு இலக்கணம் தெரியும், வாய்தான் திறக்காது. அந்தப் பெண்ணுக்கு வேண்டியதோ, கேள்வி கேட்டுவிட்டு இரண்டு நிமிஷம் குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரு காது. பென்ஷன்காரனிடம் நேரத்துக்கா பஞ்சம்? தவறைக் கண்டுபிடிக்கச் செல்போனில் பதிவு செய்து அவளே கேட்டால் பாதி தெரிந்துவிடும். மீதி பாதிக்கு ஒரு நல்ல ஆசிரியர் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரிடம் போகும்போது சுவிட்சர்லாந்து நோட்டு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வருகிறாள். அட்டை எழுதுவது என் வீட்டுக்காரி. நேற்று வந்த அட்டை, 'வீட்டில் பயன்படும் ஒரு பொருள்'. அடகுக்கடைக்குப் போன சங்கிலியைப் பற்றி ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி பேசினாள். நோட்டில் இல்லாத விஷயம். இரண்டு இடத்தில் இறந்தகாலம் தப்பியது, குறித்து வைத்திருக்கிறேன்.