கடை மொட்டைமாடியில் பொதுப் பூங்கா: சாவி யார் கையில்? வியன்னா கடைத்தெரு சொல்லும் பாடம்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் பெரிய கடைத்தெரு மரியாஹில்ஃபர் ஷ்ட்ராசே. அதன் மேற்கு முனையில், வெஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்தை ஒட்டி ஐகியா கடை இருக்கிறது. அங்கே எதுவுமே வாங்காமல் மொட்டைமாடிக்குப் போகலாம். செடி, மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து ஊரைப் பார்க்கலாம். யாரும் பில் கேட்க மாட்டார்கள்.

அதே தெருவின் மறுமுனையில், இன்னொரு பெரிய அங்காடியின் மாடியிலும் பொதுப் பூங்கா வரும் என்று அறிவித்தார்கள். ஆனால் கட்டடம் பாதியிலேயே நின்றுபோனது.

பழைய அங்காடியை எடுத்துவிட்டு புதிதாகக் கட்டுவது, கூடவே 'மக்களுக்கான பசுமைவெளி' என்று ஒரு மாடித் தோட்டத்தையும் சேர்ப்பது - ஐரோப்பாவின் பல நகரங்களில் இப்போது இதுதான் ட்ரெண்ட். கேட்க நல்லாத்தான் இருக்கு. சிக்கல் எங்கே வருகிறது?

அங்காடிகள் ஏன் தோட்டம் போடுகின்றன?

முதல் காரணம், வியாபாரம். துணி, பாத்திரம், வாசனைத் திரவியம் என எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் விற்கும் பல மாடி அங்காடிகள் ஆன்லைன் விற்பனையால் ஆட்டம் கண்டுவிட்டன. பிரிட்டனின் டெபனாம்ஸ் 2021-ல் கடைசிக் கடைக்கும் பூட்டுப் போட்டது. ஜெர்மனியின் கலேரியா நிறுவனம் 2020, 2022, 2024 என மூன்று முறை திவால் நடவடிக்கைக்குப் போனது. பொருள் வாங்க மட்டும் ஆட்கள் வரமாட்டார்கள் என்றால், வருவதற்கு வேறு ஒரு காரணம் வேண்டும். தோட்டம் அந்தக் காரணம்.

இரண்டாவது, அனுமதி. நகரின் நடுவில் புதிதாகக் கட்டவோ கூடுதல் மாடி எழுப்பவோ நகர நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். 'ஊருக்கு என்ன தருவீங்க?' என்ற கேள்விக்கு, தோட்டம் ஒரு நல்ல பதில்.

நகரத்துக்கும் இது தேவைப்படுகிறது. கல்லும் கான்கிரீட்டுமான கடைத்தெருக்கள் பகல் வெயிலை உள்வாங்கி இரவில் வெளியே விடும். தெருவிலேயே மரம் நடலாமே என்றால், அது எல்லா இடத்திலும் முடிவதில்லை. மரியாஹில்ஃபர் ஷ்ட்ராசேவுக்கு அடியில் யு-3 மெட்ரோ ஓடுகிறது. மெட்ரோ, குழாய், கேபிள் எல்லாம் போக வேருக்கு மிஞ்சும் இடம் குறைவு. அதனால்தான் எல்லோர் கண்ணும் மொட்டைமாடி மேல்.

கட்டி முடித்த கடை

வியன்னா ஐகியா 2021 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, அந்த இடத்தில் 7 மாடிகளில் எழுப்பினார்கள். வடிவமைத்தது க்வெர்க்ராஃப்ட் என்ற உள்ளூர் கட்டடக்கலை நிறுவனம். கட்டடத்தைச் சுற்றி அலமாரித் தட்டுகள் மாதிரி ஒரு வெளிச்சட்டகம். அதிலும் மாடியிலுமாக 160 மரங்கள். மேல் மாடிகளில் ஒரு ஹாஸ்டல்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், வாடிக்கையாளர்களுக்கு கார் பார்க்கிங்கே கிடையாது. கையில் எடுத்துப்போக முடிந்ததை எடுத்துக்கொண்டு மெட்ரோவில் கிளம்ப வேண்டும். சோபா, கட்டில் எல்லாம் வீட்டுக்கே வந்துவிடும். இந்தக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு முன்னுரிமை தரும் தெருவாக மாற்றலாமா என்று 2014-ல் அந்தப் பகுதி மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 53 சதவீதம் பேர் 'சரி' என்றார்கள். கார் இல்லாத கடை அங்கே எடுபட அதுவும் ஒரு காரணம்.

மாடியில் மரம் வளர்ப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை வரும். பழைய கட்டடங்களின் கூரை அந்தச் சுமைக்காகக் கட்டப்பட்டதில்லை. தூண்களைப் பலப்படுத்த வேண்டும், அல்லது இடித்துவிட்டுக் கட்ட வேண்டும். அதோடு தொட்டியில் நிற்கும் மரத்துக்கு நிலத்தடி நீர் கிடையாது. தினமும் தண்ணீர் வேண்டும், காற்றில் சாயாமல் பிடிமானம் வேண்டும், பட்டுப்போனால் மாற்ற வேண்டும். இந்தச் செலவு திறப்பு விழாவோடு முடிவதில்லை.

பாதியில் நின்ற கடை

தெருவின் மறுமுனையில், அருங்காட்சியகங்கள் இருக்கும் பக்கம், முன்பு லைனர் என்ற பழைய மரச்சாமான் கடை இருந்தது. அதை வாங்கியது ரெனே பென்கோ தொடங்கிய சிக்னா என்ற ரியல் எஸ்டேட் குழுமம். 2021-ல் இடிப்பு தொடங்கியது. புதிய அங்காடிக்கு, வியன்னாவில் பிறந்த ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரின் நினைவாக 'லமார்' என்று பெயர். டிசைன், நெதர்லாந்தின் பிரபல ஓ.எம்.ஏ. நிறுவனம். அங்காடி, ஹோட்டல், அவற்றுக்கு மேலே சுமார் 1,000 சதுர மீட்டரில் பொதுமக்களுக்கான பூங்கா. நம்மூர் கணக்கில் கிட்டத்தட்ட நாலரை கிரவுண்டு.

2023 நவம்பர் 29 அன்று சிக்னா ஹோல்டிங் திவால் மனு கொடுத்தது. கட்டுமானம் நின்றது. அடுத்த ஆண்டு, பாதிக் கட்டடம் சுமார் 10 கோடி யூரோவுக்கு வேறொரு ஆஸ்திரிய ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் கைக்குப் போனது.

பெர்லினிலும் ஏறக்குறைய இதே கதை. ஹெர்மான்பிளாட்ஸ் சதுக்கத்தில் 1929-ல் கட்டப்பட்ட கார்ஸ்டாட் அங்காடியின் மொட்டைமாடித் தோட்டம் அந்தக் காலத்தில் நகரத்தின் பேச்சு. 1945 ஏப்ரலில், போர் முடியும் தறுவாயில், நாஜிக்களின் எஸ்.எஸ். படையே கட்டடத்தைத் தகர்த்தது. அந்தப் பழைய தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவருவோம், மாடித் தோட்டமும் வரும் என்று 2019-ல் இதே சிக்னா அறிவித்தது. வாடகை ஏறிவிடும் என்று அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எதிர்த்தார்கள். மாவட்ட நிர்வாகம் மறுத்தது. கொரோனா காலத்தில், நகரில் உள்ள தன் அங்காடிகளை மூடாமல் இருப்பது பற்றிய பேரத்தோடு சேர்த்து, பெர்லின் மாநில அரசு திட்டத்துக்குக் கை கொடுத்தது. கடைசியில் சிக்னா விழுந்ததும் திட்டமும் முடங்கியது.

'பொது' என்றால் என்ன?

திறக்கப்பட்ட தோட்டங்களிலும் ஒரு கேள்வி இருக்கிறது. லண்டனின் 'வாக்கி டாக்கி' அலுவலகக் கோபுரத்துக்கு அனுமதி கிடைக்க, அதன் உச்சியில் வரும் பொதுத் தோட்டமும் ஒரு காரணம். 2015-ல் திறந்தபோது மக்கள் பார்த்தது வேறு. கட்டணம் இல்லைதான். ஆனால் முன்கூட்டியே புக் பண்ண வேண்டும், விமான நிலையம் போல சோதனை உண்டு. பார், உணவகம் நடுவே செடிகள். 'இது பூங்காவா, லாபியா?' என்று விமர்சகர்கள் கேட்டார்கள்.

தெருவோரப் பூங்காவில் யார் வேண்டுமானாலும் படுக்கலாம், சத்தம் போட்டுப் பேசலாம், போராட்டம்கூட நடத்தலாம். தனியார் மாடியில் விதி போடுவது உரிமையாளர். வெறுமனே உட்கார்ந்திருப்பவரை எழுப்பலாமா என்பதை செக்யூரிட்டிதான் முடிவு செய்வார்.

நிலம் யாருடையது?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வேறு மாதிரி நடந்தது. பிராட்மார்ஷ் என்ற பழைய வணிக வளாகத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, அதை நடத்திய இன்டு நிறுவனம் 2020 ஜூனில் சரிந்தது. பாதி இடிந்த கட்டடம்தான் மிச்சம். ஆனால் அடிநிலம் நகராட்சிக்குச் சொந்தம். நிறுவனத்திடம் இருந்தது குத்தகை மட்டுமே. குத்தகை திரும்பியதும், அங்கே என்ன வேண்டும் என்று மக்களிடமே கேட்டார்கள். பசுமைவெளி வேண்டும் என்ற குரல் பலமாக வந்தது.

நடுவில் நகராட்சிக்கே பணநெருக்கடி. வரவும் செலவும் கட்டுப்படி ஆகவில்லை, கிட்டத்தட்ட திவால் என்று அது முறைப்படி அறிவித்த நாள், 2023 நவம்பர் 29. சிக்னா விழுந்த அதே நாள்! ஆனாலும் வளாகத்தின் ஒரு பகுதியில், மரங்களும் குளமுமாக 'கிரீன் ஹார்ட்' பூங்கா 2024 செப்டம்பரில் திறந்தது. நகராட்சி பணக்கார நகராட்சி இல்லை. நிலம் அதனுடையதாக இருந்தது, அதனால் பூங்காவை விற்றுவிட்டுப் போக வேறொரு முதலாளி அங்கே இல்லை.

அதற்காகத் தனியார் மாடித் தோட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஐகியா மாடியில் நிழல் உண்மையானது. ஆனால் கடையின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கிற தோட்டம், கடை நன்றாக ஓடும் வரைக்கும்தான்.

என்ன கேட்க வேண்டும்?

பளபளக்கும் கம்ப்யூட்டர் படத்தோடு 'பொதுமக்களுக்கான பசுமைவெளி' என்று அறிவிப்பு வந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

1. கடைக்குள் நுழையாமல் மேலே போகத் தனி வழி உண்டா? கடை மூடிய பிறகும் திறந்திருக்குமா?
2. எதுவும் வாங்காமல் உட்காரலாம் என்பது எழுத்தில் இருக்கிறதா?
3. தண்ணீர், பராமரிப்புச் செலவு எத்தனை ஆண்டுக்கு, யார் பொறுப்பு?
4. கட்டடம் கைமாறினால் புதிய உரிமையாளரையும் அந்த வாக்குறுதி கட்டுப்படுத்துமா?

பொதுவாக முதல் மூன்றைக் கேட்கிறார்கள். லமாரில் கட்டடம் கைமாறியபோது முன்னால் வந்து நின்றது நான்காவது கேள்வி.