மதிப்பெண் இல்லாத தேர்வு

தேர்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது மதிப்பெண்தான். எத்தனை வாங்கினாய், வகுப்பில் எத்தனையாவது இடம் என்பவையே நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் வினாக்கள். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் கட்டடப் பொறியாளராகப் பணிபுரியும் என் பெரியம்மா மகள் விடுமுறையில் வந்திருந்தபோது, உரிமத் தேர்வில் தேறிவிட்டதாகச் சொன்னார். நானும் வழக்கம்போல், "எத்தனை மார்க் அக்கா?" என்றேன். "மார்க்கெல்லாம் சொல்ல மாட்டார்கள். தேறினாயா இல்லையா, அவ்வளவுதான்" என்றார். எட்டு மணி நேரம் எழுதியவருக்கு ஒரு மதிப்பெண்கூடச் சொல்லாத தேர்வும் ஒரு தேர்வா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் விளக்கிய பிறகு சிரிப்பு அடங்கியது. அந்நாட்டில் பொறியியல் பட்டம் பெற்றவர் வேலையில் சேரலாம், சம்பளமும் வாங்கலாம். ஆனால் பொதுமக்கள் நடக்கும் பாலத்திற்கோ, பிள்ளைகள் அமரும் பள்ளிக் கட்டடத்திற்கோ வரைபடம் தயாரித்து, 'இதற்கு நான் பொறுப்பு' என்று முத்திரையிட மாநில அரசின் உரிமம் வேண்டும். அதற்கு இரண்டு தேர்வுகள் உண்டு. முதல் தேர்வைப் பெரும்பாலோர் பட்டப் படிப்பின் இறுதியிலேயே எழுதிவிடுகின்றனர். அதில் 110 வினாக்கள். பிறகு பொதுவாக நான்கு ஆண்டுகள் வேலை அனுபவம் வேண்டும். உரிமம் பெற்ற மூத்தவர்கள் அதற்குச் சான்று தர வேண்டும். அதன் பின்னரே உரிமம் கிடைக்கும். இரண்டாவது தேர்வில் கட்டடப் பொறியியலில் 80 வினாக்கள். ஒரு வினாவுக்கு ஆறு நிமிடம்.

அக்கா படித்த கதை தனிக் கதை. பகலெல்லாம் அலுவலகம், இரவில் குழந்தை உறங்கிய பின் சமையலறை மேசைதான் படிப்பறை. "கையால் கணக்குப் போட்டு ஆறு வருஷம் ஆயிற்றடி, எல்லாவற்றையும் கணிப்பொறியே போட்டுக் கொடுத்துவிடும்" என்றார். அனுமதிக்கப்பட்ட சில வகைக் கணக்குப் பொறிகளைத்தான் தேர்வறைக்குக் கொண்டுபோகலாம் என்பதால், அவற்றில் ஒன்றை வாங்கி மாதக் கணக்கில் பழகினாராம். இத்தேர்வு காகிதத்தில் நடந்த நாளில் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகத் தேர்வறைக்கு எடுத்துச் செல்வார்களாம். இப்போது எல்லாம் கணிப்பொறித் திரையில். சூத்திரங்கள் அடங்கிய கையேட்டைத் திரையிலேயே தந்துவிடுகிறார்கள். புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதும் தேர்வு எளிது என்று நம்மில் பலர் நினைப்போம். எனக்கும் அந்த ஆசை கணக்குப் பாடத்தில் உண்டு! ஆனால் எந்தச் சூத்திரம், ஏன் என்று தெரியாதவருக்கு நூறு பக்கம் திறந்திருந்தும் பயனில்லை. எதிர்பார்க்கும் வினாக்கள் என்று பத்தைப் பொறுக்கி நெட்டுருப் போடும் நம் வித்தை அங்கே எடுபடாது.

இத்தனை பேர்தாம் தேறலாம் என்ற கணக்கும் அங்கே இல்லை. பொதுமக்களுக்குத் தீங்கு நேராமல் வேலை செய்யும் அளவுக்கு இவருக்குத் தெரியுமா என்பது ஒன்றே கேள்வி. பக்கத்து நாற்காலிக்காரரை முந்துவதால் யாருக்கு என்ன லாபம்?

இந்தச் சட்டங்கள் சும்மா வந்தவை அல்ல. 1907இல் வயோமிங் மாநிலம்தான் இதைத் தொடங்கியது. நீர்ப்பாசன உரிமை கேட்டு வந்த வரைபடங்களில் பயிற்சியே இல்லாதவர்கள் பொறியாளர் என்று கையெழுத்திட்டு வந்தனர். டெக்சாஸ் விழித்துக்கொண்டதோ ஒரு பள்ளிக்கூடத்தில் மூண்ட பேரழிவால். நியூ லண்டன் என்ற சிற்றூரின் பள்ளியில், செலவைக் குறைப்பதற்காக எண்ணெய் வயலில் மிஞ்சும் எரிவாயுவைக் குழாயில் இழுத்திருந்தார்கள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. கசிந்தது கட்டடத்தின் அடியில் சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18 அன்று பிற்பகல், தொழிற்பயிற்சி அறையில் ஒரு மின்கருவியிலிருந்து எழுந்த பொறி பட்டு வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் நம் வயதும் நம்மைவிடச் சிறிய வயதுமான பிள்ளைகள். அவ்வாண்டே டெக்சாஸில் எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டும் என்ற சட்டமும், பொறியாளர்களைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தன. நம் வீட்டு அடுப்பில் வாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே, அந்த வாடையும் இதே எண்ணத்தால் சேர்க்கப்படுவதுதான்.

நம் நாட்டில் கட்டடக் கலைஞர்களைப் பதிவு செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞர்களுக்குப் பட்டம் பெற்ற பின் எழுதும் தேர்வு 2011 முதல் நடக்கிறது. பொறியாளர்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான உரிமத் தேர்வு இல்லை. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை நாடு அறியும். ஒரு தேர்வு இருந்திருந்தால் அது நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை; தேர்வு எழுதியவரும் தவறு செய்வார். ஆனால் தவறினால் பறிக்கத்தக்க ஓர் உரிமம் கையில் இருந்தால், கையெழுத்துப் போடும் விரல் சற்றுத் தயங்கும் என்பது என் கருத்து.

பெண்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943இல் பட்டம் பெற்ற அ. லலிதா நம் நாட்டின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவர். பி.கே. திரேசியாவும் அங்கேயே பட்டம் பெற்று, 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார். இருந்தும், வேலைத்தளத்தில் ஒரு பெண் நின்றால் பேச்சு அவளைத் தாண்டி ஆண் உதவியாளரிடம் போவது இன்றும் உண்டு. அக்காவுக்கும் அங்கே அப்படித்தான் நடந்திருக்கிறது. முத்திரை கைக்கு வந்த பிறகு, அவர் ஒப்பமிடாமல் கான்கிரீட் வண்டியே நகராது என்ற நிலை வந்ததாம்.

இன்னொரு தேர்வா, இன்னும் ஒரு பயிற்சி நிலையமா, இன்னும் ஒரு கட்டணமா என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆகவே தேர்வு மாவட்டத் தலைநகர்களில் நடக்கட்டும். தமிழிலும் வினாத்தாள் வரட்டும். கட்டணம் ஏழைப் பெண்ணும் கட்டக்கூடியதாக இருக்கட்டும். தரவரிசைப் பட்டியல் மட்டும் வேண்டாம்.