அட்டைப்பெட்டியை எங்கே போட்ட?

மேற்கே மலையில் மேகம் கவிழ்ந்து சாரல் பிடித்துவிட்டால் எங்கள் மருந்துக்கடையில் இரண்டு சரக்கு சீக்கிரம் தீரும். ஒன்று சளி, இருமல் மாத்திரை. இன்னொன்று முடி நீக்கும் க்ரீம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் தென்காசி. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் அருவி. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்புவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒவ்வொருத்தியாக வருவாள்.

வந்தவள் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டாள். கண்ணாடி அலமாரியைப் பார்த்து விரலை நீட்டுவாள். நானும் எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பேன். நாப்கினுக்கு எப்படியோ அப்படி. இந்தக் கடையில் உட்கார்ந்த பத்தொன்பது வருடமும் அப்படித்தான் கொடுத்தேன். அதில் இருக்கிற கேடு போன சீசனில்தான் எனக்கு உறைத்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை. கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை துப்பட்டாவால் இரண்டு கையையும் மூடிக்கொண்டு வந்து நின்றாள். “அக்கா, வேனக்கட்டிக்கு ஏதாவது பவுடர் இருக்கா?”

சாரல் அடிக்கிற நாளில் வேனக்கட்டி எங்கே வரும்? “கையைக் காட்டு” என்றேன். காட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்ட பிறகுதான் துப்பட்டாவை விலக்கினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் செக்கச்செவேலென்று, நீர் கசிந்து மினுங்கியது. அதன் மேல் பற்பசை காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்கின் ஓரத்தில் மிளகு அளவில் மூன்று கொப்புளம். கண்ணாடி வளையலைக்கூடக் கழற்றவில்லை. வீங்கின தோலில் அது பதிந்து கிடந்தது.

முந்தின நாள் ராத்திரி போட்டிருக்கிறாள். “முடி மொத்தமா இருக்குல்லாக்கா, அதான் கூடக் கொஞ்ச நேரம் விட்டுட்டேன்.” கூடக் கொஞ்ச நேரம் என்றால், டிவியில் ஒரு சீரியல் தொடங்கி முடிகிற வரை. அரை மணி நேரம். அப்புறம் பீர்க்கங்கூட்டால் தேய்த்து எடுத்திருக்கிறாள். எரிச்சல் தாங்காமல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்திருக்கிறாள். அது இன்னும் எரிய, பற்பசை. அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தாளாம். எழுப்பவில்லை. “ஏசுவா அக்கா.” விடியும்வரை கையை விசிறிக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

“டியூப்ல எத்தனை நிமிஷம்னு போட்டிருந்துச்சு?”

“தெரியலக்கா.”

“அட்டைப்பெட்டியை எங்கே போட்ட?”

“வர்ற வழியிலயே ஓடையில போட்டுட்டேன். வீட்ல யாரும் பாத்துரக் கூடாதுல்லா.”

எத்தனை நிமிடம், உடம்பில் எங்கே போடக் கூடாது, எரிந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் அந்தப் பெட்டியிலும் அதற்குள் மடித்து வைத்த தாளிலும்தான் விவரமாக இருக்கிறது. கூச்சம் முதலில் அதைத்தான் தூக்கி எறிகிறது. நான் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும்போதே அவளுக்குச் சொல்லிவிடுகிறேன், இது மறைக்க வேண்டிய சாமான் என்று. அவள் மறைக்கிறாள். பட்ட பிறகும் மறைக்கிறாள். அந்த மறைப்பில் போகிற நேரத்தில்தான் சாதாரணச் சிவப்பு, புண்ணாக மாறுகிறது.

வெற்றிலை போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் க்ரீமைப் புரியவைப்பது சுலபம். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் வாய் வெந்துபோகும் இல்லையா, இந்தக் க்ரீம்களில் பலவற்றில் இருப்பதும் அதே சுண்ணாம்புக் காரம்தான். கூடவே தயோகிளைகோலேட் என்று ஒரு ரசாயனம். முடிக்கும் மேல்தோலுக்கும் அடிப்படையான புரதம் ஒன்றே, கெரட்டின். அந்தப் புரத இழைகளைக் கந்தகக் கண்ணிகள் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கின்றன. க்ரீம் அந்தக் கண்ணிகளை அறுக்கிறது. முடி கூழாகி வழித்தால் கையோடு வந்துவிடுகிறது. கந்தகக் கண்ணி முடியில் அதிகம் என்பதால் க்ரீம் முதலில் முடியைப் பிடிக்கிறது. தோலுக்குக் கிடைக்கிற அவகாசம் சில நிமிடங்கள்தான். அதற்கு மேல் விட்டால் அடுத்து தோலைப் பிடிக்கும். தோலின் பி.எச். 5 சொச்சம், க்ரீமினுடையது 12-ஐ ஒட்டி இருக்கும். பழைய காலத்தில் துருக்கியக் குளியலறைகளில் அரிதாரத்தையும் சுட்ட சுண்ணாம்பையும் குழைத்துப் பூசி முடி எடுத்தார்கள். அரிதாரம் ஆர்சனிக் கலந்த நஞ்சு. அது இன்று போய்விட்டது, சுண்ணாம்பு போகவில்லை.

“மொத்த முடிக்கு அதிக நேரம்” என்று பிள்ளைகள் தாங்களாகப் போடுகிற கணக்கு இதனால்தான் ஆபத்து. முடி போகாவிட்டால் கழுவிவிட வேண்டும். அன்றைக்கே மறுபடி போடவும் கூடாது. முகப்பருவுக்கு ட்ரெட்டினாயின், அடாபலின் மாதிரி க்ரீம் போடுகிறவர்கள் முகத்தில் இதைத் தொடவே கூடாது. அந்த மருந்தால் மேல்தோல் ஏற்கெனவே மெலிந்து உரிகிற நிலையில் இருக்கும். இன்று எரியாமல் போனவளுக்கு அடுத்த முறை எரியலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் கொஞ்ச இடத்தில் தடவிக் கழுவிவிட்டு, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். குற்றாலத்துக்கு முந்தின ராத்திரி வாங்குகிறவளுக்கு அந்த ஒரு நாள் ஏது?

சரி, எரிந்துவிட்டது. என்ன செய்வது? முதலில் க்ரீமை ஈரத் துணியால் அழுத்தாமல் வழித்து எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. சோப்பும் வேண்டாம், அதுவும் காரம்தான். பிறகு தண்ணீர். ஓடுகிற தண்ணீர், 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரு செம்பு ஊற்றினதும் எரிச்சல் கொஞ்சம் தணியும், போதும் என்று விட்டுவிடுவார்கள். காரம் தோலுக்குள் இறங்கிக்கொண்டே போகும் குணம் கொண்டது, ஒரு செம்பில் போகாது. எங்கள் ஊரில் எல்லா நேரமும் குழாயில் தண்ணீர் வராது. வாளியில் பிடித்து வைத்ததைச் செம்பால் மெதுவாக, விடாமல் ஊற்றினாலும் சரிதான். வளையல், மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஐஸ் கட்டி வைக்கக் கூடாது, வெந்த தோலை அது இன்னும் கெடுக்கும்.

எலுமிச்சைக்கு வருகிறேன். புளியங்குடி எலுமிச்சை பேர்போனது, எங்கள் பக்கத்து வீடுகளில் எப்போதும் நாலு பழம் கிடக்கும். காரத்துக்குப் புளிப்பு மாற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்த நினைவில் பிள்ளைகள் பிழிகிறார்கள். கண்ணாடிக் குவளையில் சரியாக வரும் கணக்கைப் புண்ணில் போடக் கூடாது. காரமும் அமிலமும் சேர்ந்தால் சூடு பிறக்கும், கழுவ வேண்டிய நேரமும் வீணாகும். அதைவிட மோசம், எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அதுவே தனியாகக் கொப்புளம் கிளப்பிக் கறுப்பு விட்டுவிடும். பற்பசை, மஞ்சள், காப்பித்தூள், பேனா மை எதுவும் வேண்டாம். எண்ணெயும் முதல் மணி நேரங்களில் வேண்டாம். கற்றாழையை நான் விலக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டினதும் வடிகிற மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும், தோல் உரியாத இடத்தில் தடவலாம்.

கழுவிய பிறகு வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை மெலிசாகத் தடவி, துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடினால் போதும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. உள்ளங்கை அகலத்துக்கு மேல் வெந்திருந்தாலும், கொப்புளம் வந்தாலும், முகத்திலோ மறைவிடத்திலோ பட்டாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே கிளம்ப வேண்டியதுதான்.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கடையின் பின்கட்டில் நானே வளையலைக் கழற்றி, தண்ணீர் விட்டுப் பற்பசையை ஊற வைத்து எடுத்தேன். பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஊற்றுகிற தண்ணீரால் முழுப் பலனும் கிடைக்காது என்று தெரிந்தேதான் ஊற்றினேன். பத்து மணிக்குக் குற்றாலத்துக்கு வேன். “தண்ணிதானக்கா நல்லதுன்னு சொல்லுதீக, அருவில நின்னா ஆறிருமில்ல?” என்று கேட்டாள். நான் சொன்னது குழாய்த் தண்ணீரை. அருவி உயரத்திலிருந்து வந்து அறைகிறது. நல்ல தோலே அதில் சிவந்துபோகும். போகாதே என்றேன். தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். கொப்புளம் இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமே என்று அதற்கும் அழுதாள். நான்தான் அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

என் தொழிலில் நடக்கிற இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். சிவந்த தோலோடு வருகிறவருக்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீமை டாக்டர் சீட்டு இல்லாமல் எடுத்து நீட்டுவது. ஒரே நாளில் சிவப்பு அடங்கும், வாங்கினவருக்குச் சந்தோஷம். பிறகு எதற்கெடுத்தாலும் அதையே தடவுவார். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, நிறுத்தினால் முன்னைவிட எரியும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் சீட்டுக் கேட்காமல் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கேட்கவில்லை. டாக்டர் பார்த்து, நாலு நாளைக்கு என்று எழுதிக் கொடுப்பது வேறு.

பையன்களும் வருகிறார்கள். அவர்கள் கூச்சம் இன்னும் கூடுதல். ஒருவன் நடக்க முடியாமல் கால் அகட்டி வந்து, பெண்ணிடம் சொல்ல மாட்டாமல், என் கடைப் பையன் சாப்பிட்டுத் திரும்பும்வரை முக்கால் மணி நேரம் வெளியே நின்றான். மறைவிடத்துத் தோல் மற்ற இடத்தைவிட மெல்லியது. பெரும்பாலான க்ரீம்கள் அங்கே போடுவதற்கானவையே அல்ல.

பிள்ளைகள் முடியை எடுக்க நினைப்பதை நான் குறை சொல்லவில்லை. “எங்க காலத்துல கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் பூசினோம், எங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு” என்று அம்மாக்கள் பேசுவதால்தான் பிள்ளைகள் குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொள்கிறார்கள். மேலுதட்டில் நாலு முடி இருந்ததற்காக வகுப்பில் மீசைக்காரி என்று கேட்டு வந்தவளின் வலி நமக்கு ஏன் சின்னதாகத் தெரிகிறது? முகத்தில் முடி திடீரென்று அதிகமாகி, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டிய சமாசாரம். வீட்டில் பேச முடிந்தால்தானே அதுவும் தெரியும்?

அரசிடம் கேட்பது ஒன்று. என் அலமாரியில் இருக்கும் டியூபுகளை எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும், எறும்பு அளவு எழுத்தில். விற்கிற ஊரின் மொழியில், எத்தனை நிமிடம் என்பதையும் எரிந்தால் தண்ணீர் என்பதையும் பெட்டியில் அல்ல, டியூபின் மேலேயே பெரிதாக அச்சிட வேண்டும். பெட்டி ஓடைக்குப் போனாலும் டியூப் கையில் இருக்கும். மருந்துக்கடைக்காரர்களிடம் கேட்பதும் ஒன்றுதான்: செய்தித்தாளில் சுற்றாதீர்கள். நான் நிறுத்திவிட்டேன். மற்ற சாமான் போடுகிற அதே கவரில் போட்டு, நிமிடத்தை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு மூன்று பேர் அதற்காகவே வேறு கடைக்குப் போனார்கள். பரவாயில்லை.

ஐப்பசியில் அந்தப் பிள்ளை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் புண் ஆறியிருந்தது, ஆனால் முழங்கைக்குக் கீழே தோல் இன்னும் திட்டுத்திட்டாகக் கறுத்துத்தான் இருந்தது. நம் நிறத் தோலில் அது மறைய மாதங்கள் ஆகும். சொந்தத்தில் ஏதோ கல்யாணம், தங்கச்சிக்குக் க்ரீம் வேண்டுமாம். கடையில் ரத்த அழுத்த மாத்திரைக்கு இரண்டு பெரியவர்கள் நின்றார்கள். சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பெரியவள் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த தாளை மேசையில் விரித்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் என்னைப் பார்த்தாள். சொன்னேன்.