முந்நூறு ரூபாயும் மூன்று மீட்டரும்

பார்வையற்றவருக்கு மத்திய அரசு தரும் மாத உதவித்தொகை 300 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், குறைபாடு 80 சதவீதத்தைத் தொட வேண்டும். 2009-இல் 200 ரூபாயாகத் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2012-இல் 300 ஆனது, அதோடு நின்றுவிட்டது. 80 வயது கடந்தால் 500. தொகையை யாரும் குறைக்கவில்லை, விலைவாசிதான் குறைத்துக்கொண்டே வருகிறது. பிரிட்டனில் 2025-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை விதிகளை இறுக்க ஒரு மசோதா வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே முரண்டு பிடித்ததால் அதன் முக்கியப் பகுதியை அரசு கைவிட்டது. முந்நூறு ரூபாய்க்கு மசோதா எதுவும் இல்லை. எதிர்த்து வாக்களிக்க வழியும் இல்லை.

மீதியை மாநில அரசு போட்டு நிரப்புகிறது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-இலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டு முதியோர் உதவித்தொகை 1,200 ஆனது. மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1,200-க்கு 25 சதவீதம் கூட்டினால் சரியாக 1,500. சட்டம் சொன்ன கீழ்வரம்புக்கு மேல் ஒரு ரூபாய் கூட இல்லை. பக்கத்து ஆந்திரத்தில் 2024 முதல் 6,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் சங்கம் அந்தத் தொகையைச் சுட்டித்தான் இங்கே போராடுகிறது.

தாமிரபரணிக் கரையில் பார்வையற்றோருக்கான ஏற்பாடு அரசுத் திட்டங்களைவிட மூத்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் 1890 வாக்கில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அதுவே பள்ளியாக வளர்ந்தது. சிறு வயதிலேயே பிரெய்ல் படித்தவருக்கு அரசு வேலையில் 1 சதவீத ஒதுக்கீடாவது எட்டும் தூரத்தில் இருக்கிறது. நாற்பது, ஐம்பது வயதில் சர்க்கரையாலோ கண் நீர் அழுத்தத்தாலோ பார்வை மங்குகிறவர் நிலை வேறு. கண்புரை என்றால் திருநெல்வேலியில் 1988 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்வையை மீட்டுவிடலாம். நீர் அழுத்தத்தால் போன பார்வை திரும்புவதில்லை.

அரைப்பார்வையில் சிக்குகிறவர்களில் பீடித் தொழிலாளிப் பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றுவது வீட்டுத் தொழில். இலையை அளவாக நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்ட வேண்டும். பார்வை மங்கினால் சுற்றும் எண்ணிக்கை குறையும். சரியில்லாத பீடியைக் கடையில் கழித்துவிடுவார்கள். மருத்துவரின் அட்டையில் பெரிய எழுத்து தெரிந்துவிட்டால் குறைபாடு சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதத்தைத் தொடாமல் போகலாம். அப்போது சான்றிதழ் இருந்தும் பயனில்லை. வேலைக்குப் போதாத பார்வை, உதவி கிடைக்காத அளவுக்கு மட்டும் போதுமானதாக இருக்கிறது.

ரயிலிலும் இதே கதை. இரு கண்ணும் முற்றிலும் தெரியாதவருக்கும் துணைக்கு வருபவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. ஓரளவு தெரிபவருக்கு அது இல்லை. அவருக்கு வயதாகியிருந்தால் மூத்த குடிமக்கள் சலுகை கைகொடுத்தது: 60 வயதான ஆணுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்ணுக்கு 50 சதவீதம். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி அதை நிறுத்தினார்கள். கொரோனா போனது, சலுகை வரவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும் மங்கிய கண் முதியவர் இப்போது முழுக் கட்டணம் கட்டுகிறார். டவுன் பஸ்ஸில் மட்டும் நிலைமை மேல். 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் துணையாளுக்கும் டிக்கெட் இல்லை.

எண்ணிக்கையே சுருங்கும் வழியும் உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடுள்ளோர் 9.6 லட்சம் பேர் என்றது. 2011 கணக்கெடுப்பில் அது சுமார் 1.27 லட்சம். பத்தே ஆண்டில் எட்டு லட்சம் பேருக்குக் கண் திறந்துவிடவில்லை, கேட்ட கேள்வியும் வரையறையும் மாறின. 2017-இல் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவைப் பின்பற்றி வரையறையைத் திருத்தியது. அதுவரை ஆறு மீட்டரில் விரல்களை எண்ண முடியாதவர் பார்வையற்றவர். இப்போது மூன்று மீட்டரிலும் எண்ண முடியாதிருக்க வேண்டும். உலகத்தோடு ஒப்பிட இது வசதிதான். ஓய்வூதியத்தை நேரடியாகத் தீர்மானிப்பதும் இந்த அளவு அல்ல. ஆனால் எத்தனை பேருக்கு எவ்வளவு பணம் தேவை என்ற கணக்கு இப்படிப்பட்ட எண்களிலிருந்துதான் தொடங்குகிறது.