வெப்சைட்டை யார் கட்டினாலும் பட்டா நம் பெயரில் இருக்கட்டும்



சங்க அலுவலகத்திற்குச் சந்தா கட்ட வரும் உறுப்பினர்கள் சில காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கடைக்கு ஒரு வெப்சைட் போடலாம் என்றிருக்கிறோம். நம் பையனே செய்து தருகிறேன் என்கிறான். வெளியாள் ஒருவரும் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எதைச் செய்வது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே இந்த இதழில் எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம்.

வெப்சைட்டே எதற்கு என்று கேட்பவரும் நம்மில் உண்டு. சண்முகம் சாலையில் 30 ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவரை மேற்குத் தாம்பரத்தில் யாருக்குத் தெரியாது? உண்மைதான். ஆனால் முடிச்சூர் சாலையிலும் பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் அடுக்குமாடிகளுக்கு நேற்றுக் குடிவந்த குடும்பத்துக்கு நம்மைத் தெரியாது. அவர்கள் செருப்பு மாட்டுவதற்கு முன் கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள். அதில் பிளிங்கிட்டும் இன்ஸ்டாமார்ட்டும் இருக்கின்றன. நம் கடை இல்லை. இனியும் வாளாவிருப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

முதலில் நம் கடைக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும். சில்லறை மளிகைக் கடைக்காரருக்கு முதல் தேவை வெப்சைட் அன்று. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், தொலைபேசி எண், திறக்கும் நேரம், முகப்புப் படம் ஆகியவை சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' எனப்படும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் கடையையும் பெயர்ப்பலகையையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், அவ்வளவுதான். "கூகுளில் ஏற்றித் தருகிறோம், ஆண்டுக்கு இவ்வளவு" என்று கடை வாசலில் வந்து நிற்பவருக்குப் பணம் கொடுக்க அவசியமில்லை. இதை நாமே செய்துவிடலாம்.

அன்றாட விலைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும். 2018 ஜனவரியில் வந்த செயலி அது. இன்று நம் கடைகளில் பலரும் வைத்திருக்கிறார்கள். துவரம் பருப்பு காலையில் ஒரு விலை, லோடு வந்த பின் வேறு விலை என்பது நம் தொழில். விலையை வெப்சைட்டில் எழுதிவிட்டு மாற்ற மறந்தோமானால், அந்தப் பழைய விலையைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டு கல்லாவின் முன் நிற்பார் வாடிக்கையாளர். வெளியாள் கட்டிய தளம் என்றால், விலை மாற்ற ஒவ்வொரு முறையும் அவரைக் கூப்பிட நேரும். அவர் காசு கேட்பார், கேட்பதும் நியாயமே.

மொத்த வியாபாரிகளின் நிலை வேறு. மறைமலைநகர் மெஸ் உரிமையாளரோ, மாடம்பாக்கத்துச் சிறு கடைக்காரரோ நம்மைத் தேடும்போது, என்னென்ன பிராண்டு, மூட்டை எத்தனை கிலோ, எந்த ஊர் வரை வண்டி போகும், ஜி.எஸ்.டி. எண் என்ன என்று நிதானமாகப் பார்க்க ஓரிடம் வேண்டும். (நம் பகுதியில் 2017 வரை ஜி.எஸ்.டி. என்றால் சாலைதான். இப்போது எந்த ஜி.எஸ்.டி. என்று கேட்க வேண்டியிருக்கிறது.) இவர்களுக்கு வெப்சைட் கட்டாயம் வேண்டும்.

நாமே கட்டலாமா என்றால், கட்டலாம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. படத்தையும் எழுத்தையும் இழுத்து வைத்துத் தளம் அமைக்கும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. கூடுவாஞ்சேரி அருகே எஸ்டான்சியா வளாகத்தில், நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கும் ஸோகோவும் அவற்றில் ஒன்று. நான்கு பக்கத் தளத்துக்கு இது தாராளம். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. 200 சரக்குக்குப் படம் எடுக்க வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுத வேண்டும், எடை போட வேண்டும். பகல் முழுதும் கல்லாவில் நின்றுவிட்டு இரவு 10 மணிக்கு மேல் இதற்கு உட்கார யாரால் முடியும்? ஆடியில் பையன் உற்சாகமாகத் தொடங்கி, தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரத்தில் பாதியில் நின்று, பிறகு அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் அப்படியே கிடக்கும் தளங்கள் நம் உறுப்பினர்களிடமே உண்டு. ஆர்டர் எடுப்பது, தளத்திலேயே பணம் வாங்குவது என்று வந்துவிட்டால் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே மேல். வாடிக்கையாளர் கட்டிய பணம் வரவில் ஏறவில்லை என்றால் பிள்ளையை எழுப்பிக் கேட்க முடியாது.

ஆள் வைத்தாலும் நம் வேலை தீராது. அவருக்குத் தளம் கட்டத் தெரியும், மளிகை தெரியாது. பொட்டலப் பொருள்களை இணையம் வழி விற்றால் எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரிப்பாளர் பெயர் முதலியவற்றைத் தளத்திலேயே காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி 1 முதல் எடையளவு விதி. காம்போசிஷன் முறையில் வரி கட்டுபவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. 'இந்தியா முழுவதும் அனுப்பப்படும்' என்று அழகுக்காக அவர் ஒரு வரி சேர்த்துவிட்டால், ஓசூருக்கு அப்பாலிருந்து ஓர் ஆர்டர் வந்தாலே வம்பு. அவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் கூலியின் மேல் 18 சதவீத வரி போடுவார். முறையான பில் வாங்குங்கள். சாதாரண முறையில் இருப்பவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன்காரருக்கு அது இல்லை, அடக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி நாம் பட்டதைச் சொல்கிறோம். 2017இல் நம் கடைக் கணினியில் ஜி.எஸ்.டி. பில் போட ஏற்பாடு செய்து தந்த தம்பி ஒருவரே வெப்சைட்டும் கட்டித் தந்தார். நல்ல பிள்ளை, வேலையும் சுத்தம். வெப்சைட் முகவரியை மட்டும் தம் பெயரில், தம் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. துணிப்பை அடித்தோம். பையில் பெரிய எழுத்தில் வெப்சைட் முகவரி. 2020 ஊரடங்கில் அந்தத் தளத்தைப் பார்த்து நம் எண்ணை எடுத்துக் கூப்பிட்டவர்கள் பலர். மறு ஆண்டு தம்பி வெளிநாடு போனார். முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. கட்ட வேண்டியது சில நூறு ரூபாய். கெடு முடிந்தது, அவகாசமும் முடிந்தது, முகவரியை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். நமக்கு இது எதுவும் தெரியாது. சேலையூரிலிருந்து வரும் ஓர் அம்மா, "அண்ணாச்சி, உங்க பையில இருக்கிற அட்ரஸைப் போட்டா சீட்டாட்டம் வருதே, என்ன இது?" என்று கல்லாவில் கேட்டபோதுதான் தெரிந்தது. அப்போது கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

நாமே கட்டினால் இந்த ஆபத்து இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். கூகுள் தன் பிசினஸ் புரொஃபைலுடன் சேர்த்து இலவசத் தளம் ஒன்றும் கொடுத்துவந்தது. 'பிசினஸ்.சைட்' என்று முடியும் முகவரி அது. பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம் என்பதால் சிறு கடைக்காரர்கள் ஏராளமாகக் கட்டினார்கள். 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டார்கள். பழைய முகவரிக்கு வருபவரை வரைபடப் பதிவுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடும் 2024 ஜூன் 10 வரைதான் இருந்தது. பில் புத்தகத்திலும் விசிட்டிங் கார்டிலும் அதை அச்சிட்டிருந்தவர் கதி நம் துணிப்பையின் கதியே. சொந்தமாக முகவரி வாங்கி அதையே வெளியில் சொல்லி வந்தவர் மட்டும், அதே முகவரியை வேறு தளத்துக்குத் திருப்பிக்கொள்ள முடிந்தது.

கடைக்கு ரேக் அடிக்க வந்த ஆசாரியின் பெயரில் நாம் யாரும் வாடகை ஒப்பந்தம் போடுவதில்லை. அதுபோல முகவரியை நம் பெயரில், நம் மின்னஞ்சலில், நம் பணத்தில் நாமே வாங்கிவிட்டு, கட்டுகிறவருக்கு வேலை செய்யும் அனுமதியை மட்டும் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டுகள் ஒரு நோட்டில், நோட்டு பெட்டிக்குள். தளத்தின் நகல் ஒரு பென்டிரைவில். புதுப்பிக்கும் தேதி, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் தேதி குறித்திருக்கும் அதே காலண்டரில். இவையெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை. மனக்கசப்பு வந்து பிரிகிற நேரத்தில் கேட்டால் கிடைக்காது. பழகியவராயிற்றே, எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுபவர்கள் நம் கடைக்கு வந்தால் பையைக் காட்டுகிறோம்.

2022இல் புது முகவரி வாங்கினோம். தளத்தைக் கட்டியது வேறொருவர். பதிவு நம் பெயரில். பழைய துணிப்பை இன்னும் இரண்டு கட்டு பரணில் கிடக்கிறது. முகவரியின் மேல் கறுப்பு மை அடித்துக் கொடுத்துவிடலாம் என்றோம், வீட்டில் சம்மதிக்கவில்லை. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்து, கடையில் மிளகாய் வற்றல் போட்டு வைத்திருக்கிறார்கள்.